மூன்றாவது கியரில் மிதித்தால் திணறும் 1970 எம்ஜிபி ஜிடி: கார்புரேட்டரா, இக்னிஷனா?

பச்சை_ஜிடி (ஷெஃபீல்டு)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரே கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

வண்டி 1970 எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டர், பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் தொடுமுனை) வைத்த பழைய 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. மூன்று வருடத்துக்கு முன் வாங்கினேன். இதுவரை 81,000 மைல் ஓடியிருக்கிறது.

கோளாறு இதுதான். காலையில் சோக் இழுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. ஐடிலிங் 800 சுற்றில் ஆடாமல் நிற்கிறது. ஊருக்குள் ஒன்று, இரண்டு கியரில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. மூன்றாவது கியரில் 2,000 முதல் 2,500 சுற்றில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைப் பாதி வரை சட்டென்று மிதித்தால், அரை நொடி வண்டி உயிரை விட்டுவிடுகிறது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்தது போல இருக்கிறது. சில நேரம் கார்புரேட்டர் பக்கமிருந்து ‘டப்’ என்று ஒரு தும்மல். பிறகு எதுவும் நடக்காதது போல இழுக்கத் தொடங்குகிறது. மெல்ல மெல்ல மிதித்தால் திணறலே இல்லை.

லேடிபவர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஏ57 சாலையில் ஸ்னேக் பாஸ் ஏற்றம் ஏறும்போதுதான் மிக மோசம். போன வாரம் ஒரு லாரியை முந்த ஒதுங்கிய அதே நொடியில் இது நடந்தது. எதிரே வண்டி வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து என் மனைவி இதில் மலைப்பாதைக்கு வர மறுக்கிறார். அவர் சொல்வது நியாயம்தான்.

இதுவரை மாற்றியவை: பிளக் நான்கு, பிளக் ஒயர்கள், ஏர் ஃபில்டர் இரண்டு, பெட்ரோல் ஃபில்டர். அதன் பிறகு ஒரு பட்டறையில் கொடுத்து இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து, ஜெட், ஊசி எல்லாம் புதிதாகப் போட்டார்கள். தும்மல் அதற்குப் பிறகுதான் அதிகமானது. இப்போது, எஸ்யுவையே கழற்றிவிட்டு வேறு கார்புரேட்டர் போட்டுவிடலாம் என்கிறார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வண்டியிலிருந்து அந்த இரட்டை எஸ்யுவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தென்திசை_எம்ஜிபி (மெல்பர்ன்)

தம்பி, தயவுசெய்து எதையும் கழற்றி எறியாதீர்கள். என்னிடம் இருப்பது 1968 ரோட்ஸ்டர். சிட்னியில் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய வண்டி. இருபது வருடமாக அந்த எச்எஸ்4-களை நானே பார்த்துக்கொள்கிறேன். நன்றாக இருக்கும் எஸ்யு போல நம்பகமான கார்புரேட்டர் கிடையாது.

முதலில் ஒரு கேள்வி. இரண்டு கார்புரேட்டரின் தலையிலும் ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதைக் கையால் திருகி மேலே தூக்குங்கள். மூடியோடு சேர்ந்து ஒரு மெல்லிய தண்டும், அதன் நுனியில் சிறு பித்தளைத் துண்டும் வெளியே வரும். உள்ளே எண்ணெய் இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், மற்றப் பல கார்புரேட்டர்களில் ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒன்று உண்டு. நீங்கள் மிதித்தவுடன் அது கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே விடும். எஸ்யுவில் அது இல்லை. இங்கே காற்றின் ஓட்டத்துக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் தானாக ஏறி இறங்குகிறது. அதோடு சேர்ந்து ஊசியும் ஜெட்டிலிருந்து மேலே வந்து பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. சட்டென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழப் பார்க்கும். எழுந்துவிட்டால் காற்று ஒரேயடியாகப் புகுந்துவிடும். பெட்ரோல் காற்றைவிடக் கனமானது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அந்த நொடியில் கலவை மெலிந்து, தும்மல் வரும்.

அந்தத் துள்ளலைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த மூடிக்கு அடியில் இருக்கும் டேஷ்பாட் எண்ணெயின் வேலை. பிஸ்டன் மேலே எழும்போது எண்ணெய் அதைத் தாமதப்படுத்தும். அதற்குள் ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் தாராளமாக வரும். பலர் அதை ஏதோ உயவு எண்ணெய் என்று நினைத்து அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணெய்தான் எஸ்யுவின் ஆக்சிலரேட்டர் பம்ப்.

எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றுங்கள். கைவசம் இல்லாவிட்டால் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யு-50 போதும். அளவு தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி: மூடியை மெல்ல இறக்கும்போது, மரையைத் தொடுவதற்குச் சுமார் 6 மில்லிமீட்டர் முன்பே கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும். கொஞ்சம் கூடினாலும் கெடுதல் இல்லை, மிச்சத்தை எஞ்சினே குடித்துவிடும்.

கூடவே இன்னொன்றும் பார்த்துச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சோக்கை ஒரு சென்டிமீட்டர் இழுத்து வைத்துக்கொண்டு ஓட்டினால் திணறல் குறைகிறதா?

பச்சை_ஜிடி (ஷெஃபீல்டு)

அக்கா, முன் கார்புரேட்டர் காய்ந்து கிடந்தது. தண்டைத் துணியில் துடைத்தால் கறைகூட ஒட்டவில்லை. பின்னதில் பாதிதான் இருந்தது. பிரித்து மாட்டியவர்கள் ஊற்ற மறந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. நானும் திறந்து பார்க்கவில்லை.

ஊற்றிவிட்டேன். வித்தியாசம் உடனே தெரிந்தது. நியூட்ரலில் சட்டென்று மிதித்தால் முன்பு ஒரு விக்கலோடு ஏறும். இப்போது துடைத்தது போல ஏறுகிறது. தும்மல் அடியோடு நின்றுவிட்டது.

ஆனால் மூன்றாவது கியர்த் திணறல் போகவில்லை. நேற்று இரவு இருபது மைல் ஓட்டினேன். ஆறு, ஏழு முறை வந்தது. தும்மல் இல்லாமல், சத்தமே இல்லாமல் ஒரு வெட்டு. சோக்கை இழுத்தும் பார்த்தேன். கொஞ்சம்கூட மாற்றம் இல்லை.

நான்கு_நட்சத்திரம் (லூட்டன்)

நண்பரே, பெட்ரோலைப் பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்றால் ஈ10. பத்து சதவீதம் வரை எத்தனால். நம்முடைய வண்டிகளை வடிவமைத்த காலத்தில் யாரும் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அந்தத் துகள், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் வாயிலில் போய் உட்காரும். ஐடிலிங்குக்குப் போதுமான பெட்ரோல் வரும், மிதித்தால் பற்றாது. நீங்கள் சொல்லும் அத்தனை அறிகுறியும் இதில் அடங்கும்.

சூப்பர் கிரேடு ஈ5 மட்டும் போடுங்கள். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். அப்படியே அந்தப் பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்கள். ஒரே வேலையாக முடிந்துவிடும்.

தென்திசை_எம்ஜிபி (மெல்பர்ன்)

ஹோஸ் விஷயத்தில் லூட்டன் நண்பர் சொல்வது முழுக்கச் சரி. அது திணறலுக்காக மட்டுமில்லை, தீ விபத்துக்காகவும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டரிலிருந்து கசிவது நேராகச் சூடான குழாயின் மேல்தான் சொட்டும்.

ஆனால் மூன்று காரியத்தையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆகாவிட்டால் புதிதாகப் போட்டதில் ஒன்று பழுதா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

பெட்ரோல் பற்றுகிறதா என்று அளந்தே பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு கூடாது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு ஜாடியில் விட்டு, சாவியைத் திருப்புங்கள். எஸ்யு பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல், குமிழி இல்லாமல் வந்தால் பம்பும் குழாயும் குற்றமற்றவை. குழாயைத் திரும்ப மாட்டியபின் சாவியைத் திருப்பினால் சில முறை அடித்துவிட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஃப்ளோட் வால்வு மூடவில்லை.

அடுத்து, கார்புரேட்டர் அடியில் உள்ள சின்னப் பின்னைத் தொட்டு, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். சுற்று ஒரு கணம் மட்டும் ஏறி, பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. காற்றுக் கசிவு பார்க்க, எரியக்கூடிய ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள். காரணம் மேலே சொன்ன அதே எக்ஸாஸ்ட். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஸ்பிண்டில் (தண்டு) முனையிலும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் எஞ்சினின் குரல் மாறும்.

மாஸ்டா_எம்எக்ஸ்5 (மிசிசாகா)

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என்னுடையது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். எனக்கும் ஏறக்குறைய இதே திணறல். கார்புரேட்டர் இல்லாத வண்டி என்பதால் எண்ணெய் வைத்தியம் உதவாது. கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதுதான் அதிகம். எங்கே பார்ப்பது?

தென்திசை_எம்ஜிபி (மெல்பர்ன்)

ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள், குறிப்பாக அடிப்பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் மீட்டர் அளக்காத காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, பெட்ரோல் குறையும். எஞ்சின் மிதிபட்டு அசையும்போது வெடிப்பு வாயைத் திறக்கும். அது நன்றாக இருந்தால் அடுத்து பிளக் ஒயர். உங்கள் வண்டி 1991 என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிராங்க் புல்லியின் நடு போல்ட்டைச் சுற்றி நான்கு பிளவா, எட்டா என்று எண்ணுங்கள். நான்கு என்றால் அது ஆரம்பகாலக் குட்டை மூக்குக் கிராங்க். அதில் சாவித்துண்டு தளர்ந்து டைமிங் தவறும் வழக்கம் உண்டு. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். மற்றதைத் தனி இழையில் பேசுவோம், தம்பி.

பச்சை_ஜிடி (ஷெஃபீல்டு)

அக்கா சொன்ன வரிசையிலேயே செய்தேன், ஒரு மாலைக்கு ஒன்று வீதம்.

பெட்ரோல்: ஒரு நிமிடத்தில் 800 மில்லிலிட்டர், குமிழி இல்லை. பம்ப் ஐந்தாறு முறை அடித்துவிட்டு அமைதியாகிறது. ஹோஸ்களை எப்படியும் மாற்றிவிட்டேன்; பழையதை வளைத்தால் உட்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. லூட்டன் அண்ணாவுக்கு நன்றி. பெட்ரோல் நான் வாங்கிய நாளிலிருந்து ஈ5 தான்.

பிஸ்டனை உயர்த்திய சோதனை: இரண்டிலும் ஒரு கணம் ஏறி இறங்கியது. தண்ணீர் தெளித்தபோது முன் கார்புரேட்டர் ஸ்பிண்டிலில் மட்டும் குரல் லேசாக மாறியது. விரலால் ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது.

திணறல் அப்படியே இருக்கிறது. ஸ்பிண்டில் ஆட்டம்தான் காரணமா?

அம்பாசிடர்_பட்டறை (மதுரை)

தம்பி, வணக்கம். நான் எம்ஜிபியைக் கண்ணால் பார்த்தது இரண்டு முறைதான். ஆனால் உங்கள் எஞ்சினின் உடன்பிறப்போடு நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன். அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் உங்கள் 1798-உம் ஒரே பி-சீரிஸ் குடும்பம். டிஸ்ட்ரிபியூட்டரும் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் செய்ததுதான். உள்ளே திறந்தால் உங்களுடையதைப் போலத்தான் இருக்கும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஸ்பிண்டில் ஆடினால் ஐடிலிங் முதலில் கெடும். உங்களுடையது 800-இல் ஆடாமல் நிற்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வரி என்னை உறுத்துகிறது. ஒன்று, ‘சத்தமே இல்லாமல் ஒரு வெட்டு’. இரண்டு, சோக் இழுத்தும் மாற்றம் இல்லை. பெட்ரோல் பற்றாமல் வரும் திணறல் பசித்தவன் சோர்வது போல. கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும், தும்மும், சோக் இழுத்தால் தெளியும். இக்னிஷன் வெட்டு விளக்கு அணைவது போல. இருக்கிறது, இல்லை. உங்கள் வண்டியில் இரண்டு நோய் ஒன்றாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தும்மல் எண்ணெய் இல்லாததால் வந்தது, அது போய்விட்டது. மிச்சம் இருப்பது வேறு.

ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். திணறும் அந்த நொடியில் ஆர்பிஎம் மீட்டர் முள் என்ன செய்கிறது?

மூன்றாவது கியரில் கிளட்ச் பிடித்திருக்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. பெட்ரோல் ஒரு சொட்டுகூட இல்லாமல் போனாலும் எஞ்சின் அரை நொடியில் நின்றுவிட முடியாது. முள் வண்டியின் வேகத்தோடு மெல்லத்தான் இறங்க வேண்டும். ஆனால் உங்கள் வண்டியின் மீட்டர், ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்துகிறது. துடிப்பு அறுந்தால் எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் விழும். முள் விழுந்தால் கோளாறு காயிலின் முதல் சுற்றில்: சாவி, ஒயர், பாயிண்ட், எர்த். முள் அசையாமல் எஞ்சின் மட்டும் திணறினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர், இல்லை என்றால் திரும்பவும் கார்புரேட்டர்.

சாலையைப் பார்த்து ஓட்டுங்கள். முள்ளைப் பார்க்க வேறொருவரை உட்கார வையுங்கள்.

பச்சை_ஜிடி (ஷெஃபீல்டு)

ஐயா, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். மலைப்பாதைக்கு வரமாட்டேன், சமதளச் சாலை என்றால் வருகிறேன் என்று சொல்லி, ஃபோனில் முள்ளைப் படமெடுத்தார்.

நான்கு முறை திணறல் வந்தது. நான்கு முறையும் முள் விழுந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். 2,300-இல் நிற்கிறது, நான் மிதிக்கும் சத்தம் கேட்கிறது, முள் வெட்டியது போல 1,000-க்குக் கீழே விழுந்து, உடனே துள்ளி 2,300-க்கு வருகிறது. இரண்டு மாதமாக என் கண்ணுக்கு நேரே இருந்த மீட்டர் அது.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

அம்பாசிடர்_பட்டறை (மதுரை)

அருமை. உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இனிக் கார்புரேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

மிதிக்கும்போது மட்டும் ஏன் அறுகிறது என்பதுதான் கேள்வி. மிதிக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு பொருள் நகர்கிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு. கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வேக்குவம் டப்பாவுக்கு வருகிறது அல்லவா? சீராக ஓடும்போது அந்த உறிஞ்சல் தட்டை இழுத்து டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, முன்னால் வைத்திருக்கும். சட்டென்று மிதித்தால் உறிஞ்சல் விழுந்து, தட்டு ஸ்பிரிங் வேகத்தில் பழைய இடத்துக்குத் திரும்பும். ஐடிலிங்கில் உங்கள் வண்டியில் அந்தக் குழாயில் உறிஞ்சல் கிடையாது, தட்டு அசையாது. அதனால்தான் ஐடிலிங்கில் ஒரு குறையும் இல்லை.

நகரும் தட்டுக்கு இரண்டு கம்பி போகிறது. ஒன்று காயிலிலிருந்து பாயிண்டுக்கு. மற்றொன்று தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கு எர்த். துணி உறை போட்ட, விரல் நீளம்கூட இல்லாத கம்பி. ஐம்பது வருடம் இப்படியும் அப்படியும் வளைந்தால் எந்தச் செம்பும் களைத்துப்போகும். உள்ளே முறிந்திருக்கும், மேலே துணி அப்படியே இருக்கும். கண்ணால் பார்த்தால் புதிது போலத் தெரியும். மெல்ல மிதித்தால் முறிந்த நுனிகள் உரசிக்கொண்டே நகரும். சட்டென்று மிதித்தால் விலகிவிடும்.

கொடைக்கானலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு டாக்சிக்கு இதே கதை. ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங். மூன்று பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். டிரைவருக்கு ஒரு மாத வருமானம் போயிற்று. கடைசியில் அந்தக் கம்பிதான்.

சோதிக்கும் முறை: சாவியைக் கழற்றிவிடுங்கள். சாவி போட்டபடி பாயிண்ட் மூடிய நிலையில் விட்டால் காயில் சுட்டுப்போகும். மூடியையும் ரோட்டாரையும் எடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனை தட்டில், மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில். இப்போது வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயால் உறிஞ்சுங்கள். தட்டு நகர வேண்டும். நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் திரும்பினால் டப்பாவின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. தட்டு போகும்போதும் வரும்போதும் மீட்டரைப் பாருங்கள். பாயிண்டுக்கு வரும் கம்பியையும் இதேபோல் பாருங்கள்.

நான்கு_நட்சத்திரம் (லூட்டன்)

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இவ்வளவு சிரமம் எதற்கு? எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் பாயிண்டும் போகிறது, கண்டென்சரும் போகிறது, கோளாறும் போகிறது. என் வண்டியில் போட்டு ஏழு வருடம் ஆகிறது, இன்றுவரை தொடவில்லை.

அம்பாசிடர்_பட்டறை (மதுரை)

அந்த மாட்யூலை எதன் மேல் திருகுகிறீர்கள்? அதே தட்டின் மேல். சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர் மட்டும் வரும் வகை எர்த்தை எங்கிருந்து எடுக்கிறது? அதே தட்டிலிருந்து. எர்த் கம்பி முறிந்திருந்தால் புது மாட்யூலும் அதே இடத்தில் அதேபோல் வெட்டும். அப்போது மாட்யூல் பழுது என்று அதைத் திருப்பி அனுப்புவீர்கள்.

எலக்ட்ரானிக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பொருள். நோயைக் கண்டுபிடித்த பிறகு போடுங்கள்.

இன்னொன்று. இப்போது கடையில் வரும் சில ரோட்டார்களில் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த ரிவெட் வழியாக ஸ்பார்க் உள்ளே தண்டுக்குப் பாய்ந்துவிடும். ரிவெட் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். புதியது என்றால் நல்லது என்று இந்தக் காலத்தில் நம்ப முடியவில்லை. கண்டென்சருக்கும் இதே வருத்தம்தான்.

பச்சை_ஜிடி (ஷெஃபீல்டு)

ஐயா, கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பானட்டைத் திறந்துவிட்டேன். மூடியை எடுத்ததும் அந்தக் கம்பி கண்ணில் பட்டது. மங்கிய பழுப்புத் துணி உறை. ஒரு முனை தட்டின் ஓரத்தில், மறுமுனை உடம்பில் ஒரு சிறு திருகின் அடியில். நீங்கள் சொன்னது போலவே பார்வைக்குக் குறையே இல்லை. சொல்லாதிருந்தால் துடைத்துவிட்டு மூடியிருப்பேன்.

மீட்டரை வைத்தேன்: 0.3 ஓம். நல்ல எர்த். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு கால்வாசி நகரும்வரை 0.3. அதன் பிறகு 6, 40, திடீரென்று ஒன்றுமே இல்லை. மூச்சை விட்டதும் தட்டு ‘டக்’ என்று திரும்பியது, மீட்டர் மீண்டும் 0.3. பத்து முறை செய்தேன். ஏழு முறை அறுந்தது. டயஃப்ரம் நன்றாக இருக்கிறது, நாக்கால் அடைத்தால் தட்டு நின்ற இடத்தில் நிற்கிறது.

திருகைக் கழற்றிக் கம்பியை இடுக்கியால் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தேன். நடுவில் துணி மட்டும் நீண்டு மெலிந்தது. பிளேடால் உறையைக் கீறினால், உள்ளே ஒரு செம்பு இழைகூட முழுதாக இல்லை. முறிந்த நுனிகள் கறுத்து, தூள் போல உதிர்ந்தன. இரண்டு மாத அலைச்சல் என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை செம்பாகக் கிடந்தது.

மெல்லிய இழை நிறைய உள்ள மென்மையான ஒயரில் புதிதாக ஒன்று செய்து, இரு முனைக்கும் சாலிடர் வைத்து மாட்டினேன். தட்டு முழுதும் திரும்பினாலும் இறுகாதபடி கொஞ்சம் வளைவு விட்டிருக்கிறேன். திறந்த கையோடு பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் வைத்து, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கை 600-க்கு இறக்கி, ஸ்ட்ரோப் விளக்கில் டைமிங்கைப் பார்த்தேன். 11 டிகிரியில் நின்றது. புத்தகத்தில் உள்ளபடி 14-க்குக் கொண்டுவந்தேன்.

மதியம் தனியாக ஸ்னேக் பாஸ் போனேன். மூன்றாவது கியர், 2,200 சுற்று, பாதி மிதி. ஏறிக்கொண்டே இருந்தது. மேலே போய்த் திரும்பி, மீண்டும் கீழிருந்து ஏறினேன். வேண்டுமென்றே இருபது முறை சட்டென்று மிதித்தேன். ஒரு முறைகூட இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தென்திசை_எம்ஜிபி (மெல்பர்ன்)

படித்ததும் என் கண் கலங்கிவிட்டது, தம்பி. 11 டிகிரி என்பதைக் கவனித்தீர்களா? பாயிண்டின் அடிக்கட்டை தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங் தானாகப் பின்தங்கும். அதனாலும் கொஞ்சம் இழுவை போயிருக்கும். ஐந்நூறு மைல் கழித்து இடைவெளியை மறுபடி பாருங்கள். புதுப் பாயிண்ட் போட்டால் ஆரம்பத்தில் வேகமாகத் தேயும், அதன்பின் நிலைக்கும்.

முன் ஸ்பிண்டிலைக் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம். புதுத் தண்டு மட்டும் போட்டால் போதுமா, உடம்பிலும் புஷ் போட வேண்டுமா என்பது தேய்மானம் எங்கே என்பதைப் பொறுத்தது. கழற்றும்போது படம் போடுங்கள்.

அம்பாசிடர்_பட்டறை (மதுரை)

மகிழ்ச்சி, தம்பி. ஆனால் ஒரு வார்த்தை. சாலிடர் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாலிடர் இழைகளுக்குள் ஊறி ஏறும். ஏறிய தூரம் வரை ஒயர் கம்பி போல விறைத்துவிடும். விறைப்பு முடியும் இடத்தில்தான் அடுத்த முறிவு. தொட்டுப் பாருங்கள். முனையிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் விறைப்பாக இருந்தால், கழற்றிவிட்டு முனைகளைச் சாலிடர் இல்லாமல் அழுத்திப் பிடித்து மாட்டுங்கள். திருகின் அடியில் உள்ள இடத்தையும் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துவிடுங்கள்.

மாஸ்டா_எம்எக்ஸ்5 (மிசிசாகா)

அக்கா, குழாயின் அடி மடிப்பில் மூன்று விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. புதியது ஆர்டர் செய்திருக்கிறேன். புல்லியில் எட்டுப் பிளவு, தள்ளாட்டமும் இல்லை.

பச்சை_ஜிடி (ஷெஃபீல்டு)

ஐயா, தொட்டுப் பார்த்தேன். ஒரு முனையில் ஏழு மில்லிமீட்டர் வரை குச்சி போல இருந்தது. இன்று மாலை கழற்றி, புது ஒயரில் முனைகளை அழுத்தியே பிடித்து மாட்டிவிட்டேன். உறிஞ்சிப் பார்த்தேன்: போகும்போதும் வரும்போதும் 0.2 ஓம், மாறவே இல்லை. எண்ணெயையும் திறந்து பார்த்தேன், இரண்டிலும் இருக்கிறது. ஞாயிறு மனைவியோடு கிளாசப் வரை போகிறோம். ஸ்னேக் பாஸ் வழியாகவே போகலாம் என்று அவரே சொன்னார்.